கப்பல் பட்டியலுக்குக் காதில் விழும் பெயர்: கேப்ஷனா, மேலே ஒரு தலைப்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடத் தொடங்கினால் கடைசியில் வந்து நிற்கும் இடம் கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை, ஒப்பந்தத் தொழிலாளர்களாக டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கு ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம். எந்தக் கப்பலை எடுத்தாலும் ஏறக்குறைய இதே நெடுவரிசைகள்தான்.

எங்கள் குடும்பக் கிளைகளுக்காக இவற்றில் நான்கு கப்பல்களின் பகுதிகளை ஓர் இணையப் பக்கத்தில் அட்டவணைகளாகப் போட்டேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானைக் கொண்டுதான் கணினியில் படிக்கிறார். பக்கம் திறந்ததும் டி விசையை அழுத்தினார்; அது அடுத்த அட்டவணைக்குத் தாவும் விசை. பதினான்கு வரிசை, ஆறு நெடுவரிசை கொண்ட அட்டவணை என்றது கருவி. மறுபடி அழுத்தினார். ஒன்பது வரிசை, ஆறு நெடுவரிசை. மூன்றாவது தடவைக்குப் பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இதில் நம் ஆட்கள் வந்த கப்பல் எதம்மா?" என்று கேட்டார்.

கப்பல்களின் பெயரை நான் எழுதாமல் இல்லை. ஒவ்வோர் அட்டவணைக்கும் மேலே தடித்த எழுத்தில் இருந்தது. கண்ணுக்கு அது அட்டவணையின் பெயர். டி விசைக்கோ அது வழியில் கிடக்கும் ஒரு வரி, தாண்டிக் குதித்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் பல விதமாக மாற்றி, ஒவ்வொன்றையும் அவர் காதில் வைத்துப் பார்த்தேன்.

தடித்த வரியை, இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் முறையான தலைப்புக் குறிச்சொல்லாக (h2, h3 போன்றவை) மாற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பயன் உண்டு: எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறவருக்கு ட்ரூரோ, உம்லாசி என்று வரிசையாகக் கேட்கும். ஆனால் டி விசையில் வருகிறவருக்கு அட்டவணை இன்னும் பெயரில்லாப் பிள்ளைதான். அட்டவணையின் குறிச்சொல்லில், பெயர் எங்கே இருக்கிறது என்று சுட்டும் 'ஏரியா-லேபிள்ட்பை' (aria-labelledby) என்ற பண்பைச் சேர்த்து, அந்தத் தலைப்பின் அடையாளச் சொல்லை (id) சுட்டிவிட்டால் குறை தீரும். பக்கத்தை வரிக்கு வரி கேட்பவருக்கு ஒரே பெயர் தலைப்பாக ஒரு முறை, அட்டவணையின் பெயராக ஒரு முறை விழும்; பெரியப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. தலைப்பும் அட்டவணையும் தனித்தனிப் பொருள்கள். நடுவே இருப்பது ஓர் அடையாளச் சொல்லின் இழை மட்டும். அட்டவணையை வேறு பக்கத்துக்கு நகலெடுத்தபோது இழை அறுந்தது. பிழை என்று எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கண்ணால் பார்த்த எனக்கும் தெரியவில்லை.

அட்டவணைக்குப் பெயர் சூட்டவே இருக்கும் கேப்ஷன் (caption) குறிச்சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது அட்டவணைக்கு உள்ளேயே, முதல் பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். அட்டவணை எங்கே போனாலும் கூடவே போகும். கண்ணுக்குத் தெரியும், டி விசையிலும் கேட்கும். பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: கேப்ஷனுக்குள்ளே தலைப்புக் குறிச்சொல்லை வைக்க எச்.டி.எம்.எல். விதி இடம் தருகிறது. அப்படி வைத்தபோது எச் விசையும் டி விசையும் ஒரே பெயரில் வந்து நின்றன. என் தேர்வு இதுதான்.

இதற்கும் ஒரு தொல்லை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆறு நெடுவரிசை அட்டவணை கைபேசித் திரைக்குள் அடங்காது. பக்கவாட்டில் நகர்த்த ஒரு பெட்டிக்குள் போட வேண்டும். கேப்ஷன் அட்டவணையின் முழு அகலத்துக்கும் விரிவதால், கிராமப் பெயர் பார்க்க நகர்த்தினால் கப்பல் பெயர் திரைக்கு வெளியே போய்விடுகிறது. கேப்ஷனுக்குள் இருக்கும் எழுத்தை இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும்படி, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்.ஸில் சொல்லிச் சரிசெய்தேன். விசைப்பலகையால் மட்டும் இயங்குகிறவரும் நகர்த்த வேண்டுமே; அதற்காக டேப் விசை அந்தப் பெட்டியில் நிற்கும்படி செய்து, பெட்டிக்கும் அதே கேப்ஷனையே பெயராகச் சுட்டினேன். இங்கே 'ஏரியா-லேபிள்ட்பை' சரியான வேலைக்கு வந்து சேர்ந்தது.

'ஏரியா-லேபிள்' (aria-label) என்ற பண்பு வேறு ரகம். பெயரை நேராகப் பண்புக்குள் எழுதிவிடுவது. காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை யாரும் திருத்துவதில்லை. ஆண்டு தவறாக இருந்தால் தவறாகவே கிடக்கும். அதைவிடப் பெரிய குறை மொழியில். எங்கள் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஏனென்றால் இங்கே பிள்ளைகள் படிப்பது ஆங்கிலம். பெரியவர்களுக்காகவும், கோயில் வகுப்பில் எழுத்துக் கூட்டுகிற சிறுவர்களுக்காகவும் கேப்ஷனில் ஒரு தமிழ் வரியும் சேர்த்திருக்கிறேன். கேப்ஷனுக்குள் அந்த வரியை மட்டும் தமிழ் என்று குறித்துவிடலாம். வரிவரியாகப் படிக்கும்போது திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். பண்புக்குள் இருக்கும் சொற்களைப் பிரித்து மொழி குறிக்க வழியே இல்லை. இரண்டு மொழியில் வாழும் குடும்பத்துக்கு இது உதவாது. கேப்ஷன் இருக்கும் அட்டவணையில் இதையும் சேர்த்து எழுதவே கூடாது. இரண்டும் இருந்தால் பெயராக எடுத்துக்கொள்ளப்படுவது கேப்ஷன் அல்ல, இந்தப் பண்புதான்.

படம், அட்டவணை போன்றவற்றைச் சுற்றிப் போடும் ஃபிகர் (figure) பெட்டிக்கு விளக்கம் எழுதும் ஃபிக்கேப்ஷன் (figcaption) குறிச்சொல்லைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஃபிகர் பெட்டிக்குள் அட்டவணை மட்டும் தனியாக இருந்தால் கேப்ஷனை விட்டுவிட்டு ஃபிக்கேப்ஷனை வைக்கச் சொல்லி எச்.டி.எம்.எல். விதியே எழுதியிருக்கிறது. ஆனால் அது பெயர் சூட்டுவது வெளிப்பெட்டிக்கு. உள்ளே இருக்கும் அட்டவணை மறுபடியும் வெறும் வரிசை, நெடுவரிசை எண்ணிக்கைதான். விதி சொன்னாலும் பெரியப்பாவுக்கு அது போதவில்லை, அதனால் எனக்கும் போதாது.

அட்டவணையின் சுருக்கத்தை எழுதும் 'சம்மரி' (summary) என்ற பழைய பண்பு எச்.டி.எம்.எல். ஐந்திலேயே கைவிடப்பட்டது. புதிதாக எழுதுகிறவர் அதைத் தொட வேண்டாம்.

குறிச்சொல் முடிவானாலும் பாதி வேலை பாக்கி. முதலில் எல்லா கேப்ஷனையும் "ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல் பட்டியல்" என்று தொடங்கியிருந்தேன். எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. நான்கு அட்டவணையிலும் அந்த நீண்ட தொடரைக் கேட்டு முடித்த பிறகுதான் கப்பல் பெயர் வந்தது. பெரியப்பா இரண்டாவதிலேயே பொறுமை இழந்தார். வேறுபடும் சொல் முன்னால் வர வேண்டும் என்று அப்போது புரிந்தது. கப்பல் பெயரை மட்டும் முன்னால் போட்டாலும் தீரவில்லை. உம்லாசி ஒரு தடவை வந்து போன கப்பல் அல்ல, பல பயணங்கள் வந்தது. ஆண்டில்லாமல் அதை அடையாளம் காண முடியாது. இப்போது முதலில் கப்பல், அடுத்து ஆண்டு, பிறகு புறப்பட்ட துறைமுகம், கடைசியில் "எங்கள் குடும்பத்தார் வரிகள் மட்டும்" என்ற குறிப்பு. நான்காவது அட்டவணையில் ஆண்டைக் கேட்டதும் பெரியப்பா மேற்கொண்டு டி விசையை அழுத்தவில்லை. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு கீழம்பை ஒவ்வொன்றாகத் தட்டி, பெயர் பெயராக இறங்கத் தொடங்கினார்.