கன்சீல்டு ஃப்ளஷ் டேங்க் வைக்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள்

பாத்ரூமை இடித்துப் புதுசாகக் கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சுவருக்குள் வைக்கிற ஃப்ளஷ் டேங்க் மோசமான பொருள் இல்லை. பிற்பாடு பழுது பார்க்க வழியே இல்லாமல் அதை மூடிவிட்டுப் போகிற காண்டிராக்டரிடம் மாட்டினால்தான் வினை.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் எங்கள் பிளாட்டில் போர் தண்ணீர். உப்பு அதிகம், குழாய் முனையெல்லாம் வெள்ளையாகப் படியும். இந்தத் தண்ணீரில், டேங்கை நிரப்பி மூடுகிற ஃபில் வால்வு என்றைக்காவது அடைத்துக்கொள்ளத்தான் செய்யும். எங்களுக்கும் அடைத்தது. டேங்க் நிரம்பிய பிறகும் வால்வு மூடாமல், கோப்பைக்குள் தண்ணீர் ராத்திரி பகலாகக் கசிந்துகொண்டே இருந்தது.

டேங்க் கம்பெனியின் சர்வீஸ் தம்பி வந்து, சுவரில் ஃப்ளஷ் பட்டன் இருக்கிற பிளேட்டைக் கழற்றினார். அதற்குப் பின்னால் கை போகிற அளவுக்குத் திறப்பு இருக்க வேண்டும். அந்த வழியாகத்தான் உள்ளே இருக்கிற எல்லாப் பாகங்களையும் கழற்றி மாட்ட முடியும். எங்கள் வீட்டில் இருந்தது முழு டைல். பட்டன் கம்பிகள் போக மட்டும் இரண்டு ஓட்டை. பிளேட்டை சிலிக்கான் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்த தம்பி, “மேடம், இதுல கை போகணும். இங்க விரலே போகல” என்றார்.

தண்ணீரை நிறுத்தலாம் என்றால், டேங்குக்கான ஸ்டாப் வால்வும் அந்த டைலுக்குப் பின்னால்தான். பாத்ரூமுக்குத் தனி வால்வு கேட்டு, அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தோம். பில்லில் இருக்கிறது, சுவரில் இல்லை. அதனால் மொட்டை மாடிக்குப் போய் எங்கள் வீட்டு லைனையே மூட வேண்டியதாயிற்று. வயதான மாமியாரை வைத்துக்கொண்டு, பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் காலம் தள்ளினோம்.

காண்டிராக்டருக்குப் போன் போட்டால், “டைல்ஸ் முழுசா இருந்தாதான் மேடம் லுக்கு வரும், மத்ததைக் கம்பெனிக்காரன் பார்த்துப்பான்” என்கிறார். கம்பெனியோ, வாரண்டி டேங்குக்கு மட்டும்தான், சுவர் வேலைக்குக் கிடையாது என்றது. அதன்பின் காண்டிராக்டர் போனையே எடுப்பதில்லை.

வேறு வழியில்லாமல் டைலை கிரைண்டர் வைத்து அறுத்தோம். பக்கத்து டைலும் விரிசல் விட்டது. அந்த டிசைன் இப்போது கடையில் வருவதில்லை. மாற்றிய வால்வின் விலையைவிட அறுத்துப் பூசிய கூலிதான் பல மடங்கு. கையோடு, தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றி விடுகிற ஷவர் டைவர்ட்டரையும் பார்க்கச் சொன்னேன். அதன் பிளாஸ்டிக் மூடியில் எவ்வளவு ஆழம் வரை புதைக்கலாம் என்று கோடு போட்டே தருவார்கள். அதையும் தாண்டி உள்ளே தள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற பாகமான கார்ட்ரிட்ஜின் நட்டைச் சுற்றி சிமெண்ட். அது கெட்டால் அந்தச் சுவரும் போச்சு.

வேலை நடக்கும்போதே பக்கத்தில் நின்று கேளுங்கள். டேங்கோடு வரும், அந்தத் திறப்பைக் காக்கிற பிளாஸ்டிக் கூட்டை டைல்ஸ் மட்டத்துக்கு அறுக்க வேண்டுமே தவிர, கழற்றி எறியக் கூடாது. ஒவ்வொரு பாத்ரூமுக்கும் பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, சுடுதண்ணீருக்கு ஒன்று என்று கைக்கு எட்டுகிற இடத்தில் வால்வு வேண்டும். பூசுவதற்கு முன் பம்ப் போட்டு பிரஷர் டெஸ்ட் செய்து, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். பைப் ஓடுகிற சுவர்மேல் அளவு டேப்பைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் மாடி வீட்டு டிராப் (கழிவுநீர்க் குழாயின் வளைவு) தொங்கினால், அதற்கு நேர் கீழே திறக்கிற கதவு கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே பிளம்பரைக் கூப்பிட்டு, உங்கள் கண் முன்னால் பிளேட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஸ்டாப் வால்வை மூடி, ஃபில் வால்வை வெளியே எடுத்துத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மாட்ட முடியவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள்.