நாய்க் காப்பகத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினேன், நாயை நோயோடு கூட்டி வந்தேன்: தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை அந்தக் காப்பகத்திலிருந்து எனக்குக் கடைசியாக வந்த செய்தி இதுதான்: ‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது. இனி இது குறித்து எழுத வேண்டாம்.’ அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அவர்களுடைய ஆப்பில் என் கணக்கே திறக்கவில்லை. செம்பியின் தடுப்பூசி விவரம், நான் பணம் கட்டிய ரசீது, அவர்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

செம்பி என் நாய். நான்கு வயது, அடர்த்தியான செம்பட்டை முடி. தரையில் முதுகைத் தேய்த்துப் புரளுவதுதான் அவளுக்கு உலகத்திலேயே பிடித்த காரியம். 12 நாளாக அவள் அதைச் செய்யவில்லை. இப்போதும் என் காலடியில் குப்புறத்தான் படுத்திருக்கிறாள், நான் நாற்காலியை நகர்த்தினாலே முதுகைச் சுருக்கிக்கொள்கிறாள்.

நான் ஏமாந்தது ஏதோ சந்துக்குள் இருக்கும் சின்னக் கடையில் இல்லை. பல கிளைகள் உள்ள இடம். பகலில் நாயைப் பார்த்துக்கொள்வது, குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் ஒரே கூரைக்குள். பெயரை எழுதவில்லை. எழுதினால் வழக்கு போடுவோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வேலை நேரம் மாறியது. அம்மாவால் செம்பியைத் தனியாகப் பிடித்துச் சமாளிக்க முடியாது. பகல் முழுவதும் அவளைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை. மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு இடத்திலும் வாசலிலேயே கட்டணத்தைச் சொன்னார்கள், நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மூன்றாவது இடத்தில் வரவேற்பில் இருந்த பெண் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். செம்பியைத் தொடவில்லை, கண்ணுக்குக் கண் பார்க்கவும் இல்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து புறங்கையை மட்டும் நீட்டிக் காத்திருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். செம்பி தானாகப் போய் மோந்து பார்த்து, அவர் முழங்காலில் தலையை வைத்தாள். புது ஆளிடம் அவள் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் கேள்விகள். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட தேதி, பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்களுக்கான ஊசி, கென்னல் காஃப் எனும் தொற்று இருமலுக்கு ஊசி போட்டாயிற்றா, இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாளா, எந்த இடத்தில் தொட்டால் பிடிக்காது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். “இடின்னா பயம்னு போட்டிருக்கேன் மேடம், மழை வந்தா யாராவது பக்கத்துலயே உட்காருவோம்” என்றார். என் மனம் விழுந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். இடிக்கு அவள் கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் இரண்டு குளியலும் நகம் வெட்டுவதும் சேர்த்துத் தருவோம் என்றார்கள். தொகை என் ஒரு மாதச் சம்பளம். ஒரு ரூபாய், ஒரு காசு மிச்சமில்லாமல் ஒரு மாதச் சம்பளம். அம்மா “மொதல்ல ஒரு மாசத்துக்குக் கட்டிப் பாரேன்டி” என்றார். நான் கேட்கவில்லை. அன்று மாலையே கட்டிவிட்டேன். கூடவே நான்கு பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். செம்பி கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றாள், நான் படிக்காமல் போட்டுக் கொடுத்தேன்.

விளையாடும் கூடத்தில் கேமரா இருந்தது, வேலையில் இருந்தபடியே ஆப்பில் பார்க்கலாம். பார்த்தேன், தினமும் பார்த்தேன். ஒரு மூலையில் செம்பி தூங்கிக்கொண்டிருப்பாள், நிம்மதியாக இருக்கும். குளிப்பாட்டும் அறையில் மட்டும் கேமரா இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஈரத்தில் கெட்டுப்போகும் என்றார்கள். உள்ளே வந்து பார்க்கலாமா என்றேன். வெளியாள் வந்தால் மேசையில் நிற்கிற நாய் துள்ளிக் குதித்துவிடும், கத்தி பட்டுவிடும் என்றார்கள். அது பொய்யான காரணமில்லை, அதனால்தான் ஒத்துக்கொண்டேன். ஒருநாள் அந்தக் கதவு பாதி திறந்திருந்தது. அலமாரியில் வரிசையாக வெள்ளை பாட்டில்கள், ஒன்றிலும் பெயரோ தேதியோ இல்லை. எவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருக்கிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முதல் குளியல். மாலையில் போனபோது கழுத்தில் ரிப்பன் கட்டி, வாசனை அடித்துக்கொண்டு நின்றாள். முடி பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, “என்ன இவ்ளோ வாசனை, இது நாய்க்கு ஆகுமா?” என்றார். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டை மோந்துவிட்டு நகர்ந்துவிட்டாள். ராத்திரி படியேறவில்லை. ஞாயிறு காலையில் வழக்கம்போல முதுகைத் தடவினேன். அவள் அலறிய அலறலில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். நான்கு வருடத்தில் ஒருநாளும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டாதவள், அன்று காட்டினாள்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல். நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. இடுப்பெலும்பா, தண்டுவடமா, ஏதாவது நாய் கடித்துவிட்டதா என்று நான் படபடவென்று பேசிக்கொண்டிருந்தேன். டாக்டர் நடு முதுகில் முடியைப் பிரித்துப் பார்த்தார். கழுத்துப் பின்புறத்திலிருந்து வால் வரைக்கும் கறுஞ்சிவப்பாகக் கட்டி கட்டியாக, சிலது உடைந்து ரத்தமும் சீழும் காய்ந்து. அவர் கேட்ட முதல் கேள்வி: “குளிப்பாட்டி எத்தனை நாள் ஆச்சு?”

நான் குளியலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதற்கென்று மருத்துவத்தில் பெயரே இருக்கிறது, போஸ்ட் குரூமிங் ஃபுரங்குலோசிஸ். ஷாம்பூவை வாங்கியபடியே வைத்திருந்தால் அதில் கிருமி வளராமல் தடுக்கும் சேர்மானம் வேலை செய்யும். பெரிய அளவில் தண்ணீர் ஊற்றிக் கலந்து பாட்டில்களில் நாள்கணக்கில் வைத்தால் அந்தச் சேர்மானம் நீர்த்துப்போகிறது. சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாவுக்கு ஈரம் இருந்தால் போதும், அதற்குள் பெருகிவிடும். அந்த ஷாம்பூவைப் போட்டு முடி வளரும் திசைக்கு எதிராக அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்களுக்குள் கிருமி இறங்கிவிடுகிறது. முடிக்கால் உள்ளுக்குள்ளேயே வெடித்துச் சதையில் சீழ் பிடிக்கிறது. பெரும்பாலும் குளித்த ஓரிரண்டு நாளில் தெரியவரும். மேலே முடி அழகாக மூடியிருப்பதால் பார்ப்பவருக்குப் புண் தெரியாது, வலி மட்டும்தான் தெரியும். அதனால் முதுகெலும்புக் கோளாறு என்று நினைத்து நாள் கடத்துகிறவர்கள் உண்டு என்றார். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

சீழை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். சில நாளில் முடிவு வந்தது. சூடோமோனாஸ்தான். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்றும் அதில் இருந்தது. வாரக்கணக்கில் மாத்திரை, வலிக்குத் தனி மருந்து. முதுகில் முடியைக் கத்தரித்துப் புண்ணைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. இவளுக்கு இரட்டை அடுக்கு முடி, இப்படி ஒட்ட வெட்டினால் பழையபடி வளர மாதக்கணக்காகலாம், சில இடத்தில் திட்டுத்திட்டாகவே நின்றுவிடலாம். காப்பகத்துக்குக் கட்டியது ஒரு மாதச் சம்பளம். வைத்தியச் செலவு இதுவரை இன்னொரு அரை மாதச் சம்பளம்.

இனி அவர்கள் பேசிய பேச்சு.

ஞாயிறு மதியமே போன் செய்தேன். தரையில் உட்கார்ந்து கை நீட்டினாரே, அதே பெண்தான் எடுத்தார். “அலர்ஜியா இருக்கும் மேடம், சாப்பாடு ஏதாவது மாத்துனீங்களா?” திங்கள்: மேலாளர் கூப்பிடுவார். செவ்வாய்: மேலாளர் வெளியூர். புதன்: “அன்னைக்கு இருபது நாய்க்கு மேல குளிப்பாட்டினோம், மத்த யாரும் ஒண்ணும் சொல்லலையே.” இருபது நாய்! அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், முதுகைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பணத்தைப் பற்றி அன்று நான் பேசவே இல்லை. “தேவையில்லாம பீதியைக் கிளப்பாதீங்க” என்று வைத்துவிட்டார்கள்.

ஆய்வக முடிவை அனுப்பியதும் குரல் மாறியது. நான் கையெழுத்துப் போட்ட தாளின் மூன்றாவது பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். பராமரிப்பின்போதோ அதன் பிறகோ வரும் நோய்க்கு நிறுவனம் பொறுப்பல்ல, முன்பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது. கீழே என் கையெழுத்து. ஆறு மாதத்துக்கு நான் கட்டிய ஒரு மாதச் சம்பளத்தில் செம்பி அங்கே இருந்தது 19 நாள். மிச்ச நாளுக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றேன். மேலாளர் அன்றுதான் முதல்முறையாகப் பேசினார். பணம் கிடையாது, வேண்டுமானால் நல்லெண்ணத்துக்காக நான்கு குளியல் இலவசமாகத் தருகிறோம் என்றார். என் நாய் முதுகில் சீழ் வடிந்துகொண்டிருக்கிறது, இந்த மனிதர் எனக்குக் குளியல் கொடுக்கிறார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அங்கே வேலை செய்கிற ஒருவர் நேற்று வேறு எண்ணிலிருந்து பேசினார். யார் என்று எழுத மாட்டேன், அவர் பிழைப்பு போய்விடும். “அக்கா, திங்கக்கிழமை ஒரு தடவ பெரிய வாளியில கலந்து பாட்டில்ல ஊத்தி வச்சிருவாங்க. வாரம் முழுக்க அதான். பாட்டிலக் கழுவ மாட்டாங்க, மேலமேலதான் ஊத்துவாங்க.” செம்பி குளித்தது வெள்ளிக்கிழமை.

நல்ல காப்பகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கிற மனநிலையில் சிலதுதான் முடிகிறது. குளிப்பாட்டும் இடத்தைக் காட்டாவிட்டால் வந்துவிடுங்கள், நாய்கள் இல்லாத நேரத்திலாவது காட்டலாம்தானே. ஷாம்பூ எப்போது கலந்தது என்று கேளுங்கள். அந்தந்த நாய்க்கு அப்போதைக்கப்போது கலந்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். முடியாதென்றால் வீட்டிலிருந்து பாட்டிலைக் கொடுத்தனுப்புங்கள். கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்றில் காயவைக்கிறார்களா என்றும் கேளுங்கள், சப்பை மூக்கு நாய்கள் அந்தச் சூட்டில் செத்தே போயிருக்கின்றன. ஒரு ஆள் எத்தனை நாயைப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள், பத்துக்கு மேல் போனால் எனக்குச் சரியாகப் படவில்லை. பல நாடுகளில் நாய்க்கு முடி வெட்டுகிறவருக்கு எந்த உரிமமும் தேவையில்லை, சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பாதீர்கள். மொத்தமாக ஆறு மாதத்துக்குக் கட்டவே கட்டாதீர்கள், நாள் கணக்கில் கட்டுங்கள். ரசீதை அவர்களுடைய ஆப்பில் மட்டும் விட்டுவைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். நான் அதைச் செய்யாததால் இன்று ஒரு மாதச் சம்பளம் கட்டியதற்கு வங்கிக் கணக்கில் ஒரு வரியைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை.

அண்மையில் இப்படிப்பட்ட இடத்தில் நாயைக் குளிப்பாட்டிய யாராவது இதைப் படித்தால், முடியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். சோர்ந்து படுத்தாலோ முதுகைத் தொட்டால் கத்தினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். டாக்டரிடம் குளிப்பாட்டிய தேதியை முதலில் சொல்லுங்கள். நீங்களாக எந்தக் களிம்பும் போட வேண்டாம்.

செம்பிக்கு ராத்திரி மாத்திரை கொடுக்க வேண்டும். பிடித்துக்கொள்ள அம்மா வந்து நிற்கிறார்.