லேப்டாப்புக்குப் பூட்டு வைத்த வீடியோ கேபிள் சரிப்படுமா?

என் பழைய லேப்டாப்பில், திரைக்கோ புரொஜெக்டருக்கோ படம் அனுப்பும் கேபிளைச் செருக, முழு அளவு டிஸ்ப்ளேபோர்ட் இருந்தது. ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவரின் கால் புரொஜெக்டர் கேபிளில் தட்டியது. கேபிள் கழன்று வரவில்லை, போர்ட்தான் மதர்போர்டிலிருந்து பெயர்ந்து ஆட ஆரம்பித்தது. அடுத்த லேப்டாப்பை எச்டிஎம்ஐ (டிவியில் இருக்கும், பூட்டு இல்லாத வீடியோ போர்ட்) இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

புரொஜெக்டருக்குப் படத் தரத்தில் இரண்டும் ஒன்றுதான், அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது, கேபிளை யாராவது இழுத்தால் அந்த விசை எங்கே போகிறது என்பது. டிஸ்ப்ளேபோர்ட் முனையில் இரண்டு சின்னக் கொக்கிகள் உண்டு, பட்டனை அழுத்தினால்தான் விடும். கனமான மேசைக் கணினிக்கு இது அருமையான ஏற்பாடு. அங்கே போர்ட் அசையாது, பின்பக்கம் யாரும் கை வைப்பதும் இல்லை. லேப்டாப்போ மடிக்கும் மேசைக்குமாக மாறிக்கொண்டே இருக்கும். கொக்கி பிடித்துக்கொண்டால் இழுப்பு முழுவதும் போர்ட்டை மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சாலிடருக்குப் போகிறது, இல்லையென்றால் லேப்டாப்பே கீழே விழுகிறது. கேபிள் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். போர்ட் போனால் லேப்டாப்பைப் பிரித்து மதர்போர்டில் கை வைக்க வேண்டும். சார்ஜருக்கு 2006-இல் ஆப்பிள் கொண்டுவந்த மேக்சேஃப் காந்தமும் இதே கணக்குதான்: இழுத்தால் விட்டுவிட வேண்டும்.

1987-இல் வந்த பழைய வீடியோ இணைப்பான விஜிஏவில் பூட்டு என்பது திருகு. அதைக் கழற்றும்போது லேப்டாப் பக்கத்து அறுகோண நட்டும் சேர்ந்து கழன்று வருவது பலருக்குத் தெரிந்த தொல்லை.

எச்டிஎம்ஐயிலும் குறை உண்டு. நேராக இழுத்தால் கழன்றுவிடும், பக்கவாட்டில் நெம்பினால் அதுவும் உடையும். கனமான கேபிள் தொங்கினால் நாளடைவில் தளர்ந்து படம் விட்டுவிட்டு வரும். நான் ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷனை லேப்டாப்பில் செருகி, பெரிய கேபிளை அதில் மாட்டுகிறேன். இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லை. ஐந்தாறு வருடம் தாங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது.

திருகு வைத்த யுஎஸ்பி-சி கேபிளும் உண்டு. அதை நான் பயன்படுத்தியதில்லை, அதனால் தீர்ப்பு சொல்லவில்லை.

உங்கள் லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் என்றால், கொக்கி இல்லாத கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். கொக்கி கட்டாயமில்லை என்றுதான் அந்தத் தரவிதியே சொல்கிறது.