நெற்றியா, காதா, கக்கமா: வடசென்னை வீட்டுக்கு எந்த தெர்மாமீட்டர்?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக் கொஞ்ச நாளானால் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவுக்கு நாலு வீட்டில் ஜுரம். கிளினிக்குக்குப் போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளா இருக்கு, எவ்வளவு இருந்துச்சு?" "தொட்டா கொதிக்குது டாக்டர்" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தே ஆக வேண்டும். 2020க்குப் பிறகு அந்தப் பேச்சு வந்தாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, நெற்றிக்கு நேரே நீட்டும் இன்ஃப்ராரெட் கருவிதான். அன்று கடைக்குக் கடை வாசலில் வைத்திருந்தார்களே, அது. இப்போது ஏறத்தாழ ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் முந்நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் டிஜிட்டல் குச்சி தெர்மாமீட்டர் வாங்குங்கள், அதுவே போதும். வீட்டில் கைக்குழந்தையோ, படுக்கையில் இருக்கும் பெரியவரோ இருந்தால் அந்தக் குச்சியோடு சேர்த்து ஒரு நெற்றிக் கருவி. காதில் வைக்கும் வகை சில வீடுகளுக்கு மட்டும் பொருந்தும். எஞ்சின் சூடு பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும், லேசர் புள்ளி விழும் துப்பாக்கி மாதிரி கருவி உடம்புக்கு வேண்டவே வேண்டாம்.

நெற்றிக் கருவி பார்ப்பது எதை?

நம் உடம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர் எந்நேரமும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. கருவி முனையில் இருக்கும் சென்சார் அதை வாங்கிக் கணக்குப் போடுகிறது. நம் மேல் அது எதையும் பாய்ச்சுவதில்லை. "மூளைக்கு ஆகாது" என்று கொரோனா சமயத்தில் கிளம்பிய பேச்சை இன்னும் நம்பி, நெற்றிக்குப் பதிலாக மணிக்கட்டை நீட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. அதோடு, நெற்றிக்கென்று கணக்கு வைத்த கருவியில் மணிக்கட்டைக் காட்டினால் வரும் எண்ணை நம்பவும் முடியாது.

நெற்றித் தோல், உடம்பின் உள்சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். ஜுரம் இல்லாதவருக்கு அது 93, 94 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். ஆனால் திரையில் 98 என்று வருகிறது. காரணம், வாயில் வைத்துப் பார்த்தால் என்ன வருமோ அந்த அளவுக்கு உயர்த்திக் காட்டும் கணக்கு ஒன்று கருவிக்குள்ளேயே இருக்கிறது. பல கருவிகளில் 'பாடி', 'சர்ஃபேஸ்' என்று இரண்டு நிலை இருக்கும். பாடியில்தான் இந்தக் கணக்கு ஓடும். பிள்ளைகள் விளையாட்டாகப் பொத்தானை அழுத்தி சர்ஃபேஸில் விட்டுவிட்டால், நல்ல ஜுரத்தில் கிடக்கும் குழந்தைக்கும் 96, 97 என்று காட்டி நம்மை ஏமாற்றிவிடும். திரையின் மூலையில் சின்னதாக ஒரு மனித உருவமோ முகமோ தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துல்லியத்துக்கு வருவோம். மருத்துவ இன்ஃப்ராரெட் கருவிகள் பொதுவாக ஜுர அளவுகளில் 0.2 டிகிரி செல்சியஸ் கூடவோ குறையவோ காட்டலாம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஃபாரன்ஹீட்டில் அது கிட்டத்தட்ட 0.4. அதாவது திரையில் 100 என்றால் உண்மை 99.6 ஆகவும் இருக்கலாம், 100.4 ஆகவும் இருக்கலாம். டாக்டர்கள் ஜுரம் என்று கணக்கில் எடுப்பதே 100.4லிருந்துதான். அந்த 0.4 கூட ஆய்வுக்கூடத்தில் சோதித்த கணக்குதான். வியர்த்த நெற்றியில் தப்பு இன்னும் கூடும்.

நம் வீட்டுச் சூடும் வியர்வையும்

விமர்சனம் எழுதுகிறவர்கள் பலரும் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நம் பக்கத்து வீடுகளுக்கு இந்தக் கருவி பொருந்துமா என்பதை முடிவு செய்யும் விஷயங்கள் நாலைந்து இருக்கின்றன. அவை அட்டைப் பெட்டியின் மேல் இருக்காது, உள்ளே இருக்கும் மடித்த காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

முதலாவது, கருவி வேலை செய்யும் அறைச்சூடு. பெரும்பாலும் 10லிருந்து 40 டிகிரி செல்சியஸ் வரை என்று போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டுக்குள் மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன சூடு இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் சில கருவிகள் எண்ணைக் காட்டாமல் 'எரர்' என்று நிற்கும். நிற்பது நல்லது. நிற்காமல் ஏதோ ஒரு எண்ணைக் காட்டுவதுதான் ஆபத்து. கூரைக்குக் கீழே பரணில், ஃபிரிட்ஜ் தலையில், வெயில் படும் ஜன்னலில் கருவியை வைக்காதீர்கள். நோயாளி படுத்திருக்கும் அறையிலேயே கால் மணி, அரை மணி நேரம் இருந்த பிறகு எடுத்துப் பார்த்தால்தான் அது சரியாகச் சொல்லும்.

இரண்டாவது வியர்வை. வியர்வை காயும்போது தோலைக் குளிர்விக்கும், எண் இறங்கிவிடும். தலைக்கு மேல் முழு வேகத்தில் ஃபேன் ஓடினாலும் அப்படித்தான். வெயிலில் டியூஷன் முடிந்து நடந்து வந்த பிள்ளைக்கு உடனே காட்டினால், ஜுரமே இல்லாமல் எண் ஏறும்.

மூன்றாவதுதான் நம் வீடுகளில் மிக அதிகமாக நடப்பது. நெற்றியில் ஈரத்துணி போட்டிருப்போம். அதை எடுத்துவிட்டு அடுத்த நொடியே கருவியை நீட்டி, "அம்மா, குறைஞ்சிடுச்சு, 98தான் இருக்கு" என்போம். குறைந்தது தோல் மட்டும்தான். தைலம், விக்ஸ், விபூதிப் பட்டை, சந்தனம், பவுடர், முன்னால் வந்து விழும் எண்ணெய்த் தலைமுடி, எல்லாமே எண்ணை மாற்றும். நெற்றியைத் துடைத்து, காயவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் தூரம். சென்சாரின் பார்வை டார்ச் வெளிச்சம்போல விரிந்துகொண்டே போகும். ஐந்து சென்டிமீட்டர் என்று போட்ட கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் முடியும் தலையணையும் சேர்ந்து கணக்கில் வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தூரம் வேறு. ஓம்ரானின் எம்.சி. 720க்கு 1லிருந்து 3 சென்டிமீட்டர், வேறு சிலவற்றுக்கு 3லிருந்து 5. புருவ மத்தியில் மூன்று முறை பார்த்து, அதிகமாக வந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் வாங்கச் சொல்கிறேன்? ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் பார்க்க முடியும், அதற்காகத்தான். சட்டையைத் தளர்த்தி, கையை இறுக்கிப் பிடித்து, அது அழுது, பக்கத்தில் படுத்திருக்கும் தாத்தா எழுந்து... ஒற்றை அறை வீட்டில் ஒரு குழந்தை அழுதால் எல்லோருடைய தூக்கமும் போச்சு. ஒரு நொடியில் எண் தெரிவது அங்கே பெரிய உதவி. அதனால் 'பீப்' சத்தத்தை அணைக்க முடிகிற, திரையில் வெளிச்சம் வரும் மாடலாகப் பாருங்கள்.

மெக்கானிக் துப்பாக்கி

ஆன்லைனில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் என்று தேடினால் மருத்துவக் கருவியோடு இதுவும் கலந்து வரும். "இதுவும் அதேதான்க்கா, இன்னும் பவர் ஜாஸ்தி" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின், பாய்லர், ஏசி குழாய் பார்க்கச் செய்தது இது. மைனஸ் 50லிருந்து 380 டிகிரி செல்சியஸ் வரை பார்க்கும். பார்த்துவிட்டு 1.5 டிகிரி செல்சியஸ் வரை தப்பாகச் சொன்னாலும் அதன் கணக்கில் அது சரியே. ஃபாரன்ஹீட்டில் அது 2.7 டிகிரி. ஜுரம் இருக்கிறதா இல்லையா என்பதே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். தோல் சூட்டை உடம்புச் சூடாக மாற்றும் கணக்கும் இதில் கிடையாது, லேசர் கண்ணுக்கும் ஆகாது. அளவு 300க்கு மேல் போகிறது என்று போட்டிருந்தாலே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

காது

காதுக்கருவி செவிப்பறையின் வெப்பத்தைப் பார்க்கிறது. மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் ரத்தம் அதன் அருகே ஓடுவதால், சரியாக வைத்தால் நெற்றியைவிட நம்பகமானது. வியர்வையும் ஃபேனும் அவ்வளவாகப் பாதிக்காது. அந்த 'சரியாக' என்பதில்தான் சிக்கல். காது மடலைப் பின்னுக்கு இழுத்து முனையை நேராக உள்ளே திருப்ப வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் செவிப்பறைக்குப் பதில் காதுச் சுவரைப் பார்த்துவிட்டுக் குறைத்துச் சொல்லும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் அதே கதை. ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் காதுத் துளை சின்னது, ஆகாது. பல மாடல்களுக்கு முனையுறை தனியாக வாங்க வேண்டும். ஒரே கருவியை நாலு பேருக்கு மாற்றி மாற்றி வைக்கும் நம் வீடுகளில் அது ஓயாத செலவு. ஒரே ஒரு குழந்தை, பொறுமையாகப் பழகிக்கொள்ள ஒருவர் என்றிருக்கும் வீட்டுக்குச் சரி.

குச்சி

விலை இருநூறு, முந்நூறு ரூபாய். துல்லியம் 0.1 டிகிரி செல்சியஸ், அதாவது இங்கே பேசிய எல்லாவற்றிலும் இதுதான் மேல். நெற்றியில் வியர்வை இருந்தாலும் விபூதி இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. பட்டன் செல் பல மாதம் தாங்கும். குறை என்றால் நேரமும் ஒத்துழைப்பும். பல் இல்லாத பாட்டிக்கும் சின்னக் குழந்தைக்கும் வாயில் வைக்க முடியாது, கக்கத்தில்தான் வைக்க வேண்டும். கக்கத்தைத் துடைத்துவிட்டு, முனை தோலில் நன்றாகப் படும்படி வைத்துக் கையை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். சத்தம் வந்த பிறகும் ஓரிரு நிமிடம் விட்டுவைத்தால் இன்னும் சரியாக இருக்கும். கக்கத்து எண் வாயைவிட அரையிலிருந்து ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக வரும். நீங்களாகக் கூட்டிச் சொல்ல வேண்டாம், "கக்கத்துல 100 டாக்டர்" என்று இருப்பதைச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். வாயில் வைப்பதானால் டீ குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும்.

இன்னும் சில வீட்டு அலமாரிகளில் பாதரசக் கண்ணாடிக் குச்சி இருக்கிறது. அளவு சரியாகத்தான் சொல்லும், ஆனால் உடைந்தால் காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அந்த ஆவி நல்லதல்ல. கொடைக்கானலில் பாதரச தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட கதையும், அங்கே மண்ணில் தங்கிய பாதரசமும் தமிழ்நாட்டுக்குத் தெரிந்ததுதான். புதிதாக அதைத் தேடிப் போகாதீர்கள்.

எந்த வேளைக்கு எது

ராத்திரி தூக்கத்தில் ஒரு பார்வைக்கு நெற்றிக் கருவி. அது 99.5க்கு மேல் காட்டினாலோ, எண் சாதாரணமாக இருந்தும் பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே குச்சி. மருந்து கொடுப்பதா, டாக்டரிடம் ஓடுவதா என்பதைக் குச்சியின் எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 வந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது முறை, மூன்றாவது முறை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கிளம்பிவிட வேண்டும்.

டெங்கு காலத்தில் ஒற்றை எண்ணைவிட வரிசையான எண்கள் முக்கியம். மணி, எண், எந்தக் கருவி, பாராசிட்டமால் கொடுத்த நேரம், இவ்வளவையும் ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். நெற்றி எண்ணையும் கக்க எண்ணையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள், ஏறியதா இறங்கியதா என்று யாருக்கும் புரியாது. டெங்குவில் மோசமான கட்டம், ஜுரம் விடும்போதுதான் தொடங்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். கருவி 98 காட்டுகிறது, ஆனால் வயிறு கடுமையாக வலிக்கிறது, விடாமல் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் அந்த 98ஐப் பார்த்து நிம்மதி அடையாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வாங்கும்போது

ஓம்ரான், பி.பி.எல்., டாக்டர் டிரஸ்ட், குச்சியில் ஹிக்ஸ் என்று தெரிந்த பெயர்கள் மருந்துக்கடையிலேயே கிடைக்கின்றன. மொத்த விலை மருந்துக்கடைகள் இருக்கும் நைனியப்பன் நாயக்கன் தெருவில் விலை கொஞ்சம் தணிவாக இருக்கும். பெயர் எதுவானாலும் பெட்டியில் மருத்துவக் கருவிக்கான உற்பத்தி உரிம எண்ணோ இறக்குமதி உரிம எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. எண் இல்லாத பெட்டியை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டியைக் கேட்க முடியாது.

கடையில் நெற்றியில் காட்டிப் பார்ப்பதால் பெரிதாகத் தெரியாது, அந்த ஏசிக்கும் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜுரம் இல்லாதபோது, ஆளுக்கு ஒருமுறை காலையிலும் சாயங்காலமும் நெற்றிக் கருவியையும் குச்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் ஒரே சீராக இருந்தால் அந்தக் கருவியோடு வாழலாம், வித்தியாசத்தைப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள். ஒருநாள் அரை டிகிரி, மறுநாள் இரண்டு டிகிரி என்று தாவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று பில் போடும்போதே கேட்டு, அதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும்.