ஆறு குழாய் டிஸ்இன்டெக்ரேஷன் கருவி: வாயில் கரையும் மாத்திரைக்குப் போதுமா?

மாத்திரை நீரில் எவ்வளவு நேரத்தில் சிதைகிறது (டிஸ்இன்டெக்ரேஷன்) என்று பார்க்க, மாத்திரை தயாரிக்கும் இடங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் கருவி இது. ஆறு கண்ணாடிக் குழாய்கள், அடியில் ஏறக்குறைய 2 மி.மீ. கண்ணுள்ள எஃகு வலை. பீக்கரில் உள்ள 37 டிகிரி நீரில் இந்தக் குழாய்க் கூடை நிமிடத்துக்கு 29 முதல் 32 முறை ஏறி இறங்கும். விழுங்கும் மாத்திரைக்கு அருமையான கருவி. நாக்கில் கரையும் ஓடிடி மாத்திரைக்கோ, ஒரு பேட்சை இன்னொரு பேட்சோடு ஒப்பிட மட்டுமே இதை நம்பலாம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் 2008 வழிகாட்டுதல், ஓடிடி சுமார் 30 விநாடிக்குள் சிதையச் சொல்கிறது. ஐரோப்பிய பார்மகோப்பியா (மருந்துத் தர விதிநூல்) 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது. 30 விநாடிதான் எல்லை என்றால், ஆறு மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் போடுவதில் போகும் சில விநாடிகளே முடிவை மாற்றிவிடும். கூடையை நீருக்கு மேலே நிறுத்தி, ஆறையும் போட்டுவிட்டு, நீரில் இறங்கும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். குழாயும் வலையும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். துளி நீர் பட்டாலும் மாத்திரை முன்கூட்டியே உப்பத் தொடங்கும். கருவியின் திரையில் தெரியும் வெப்பநிலை பெரும்பாலும் வெளித்தொட்டியின் சூடு. பீக்கருக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

உறையவைத்து உலர்த்திய மாத்திரைகள் எடை குறைந்தவை, மிதக்கும். அதற்காகக் குழாய்க்குள் மாத்திரைமேல் டிஸ்க் (சிறு பிளாஸ்டிக் வட்டு) போட்டால் அது மாத்திரையை இடித்து நேரத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். டிஸ்க்கின் அசைவை வைத்து முடிவைக் கணிக்கும் தானியங்கி மாடல்களை ஓடிடிக்கு வாங்க வேண்டாம். கண்ணால் பார்ப்பதே மேல். உள்ளே கடினமான கரு இல்லாத மென்மையான கூழ் மட்டும் மிஞ்சினால் சிதைந்ததாகக் கணக்கு.

பெரிய குறை நீரின் அளவு. பீக்கரில் நூற்றுக்கணக்கான மி.லி. நீர் அலையடிக்கிறது, வாயிலோ சிறிதளவு எச்சில்தான். மாத்திரையைச் சிதையவைக்கச் சேர்க்கும் பொருளான சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் அதிகம் சேர்த்த மாத்திரை பீக்கரில் சட்டென உடையும். கொஞ்சம் நீரில் அதுவே பசையாகி நாக்கில் ஒட்டும். அதே வேலைக்கான கிராஸ்பொவிடோன் அப்படிப் பசையாவதில்லை. இரண்டும் கருவியில் ஒரே நேரம் காட்டலாம், வாயில் ஒன்றாக இராது.

ஆகவே கூடவே நனையும் நேரத்தையும் பாருங்கள். சிறிய பெட்ரி தட்டில் மடித்த டிஷ்யூ தாள், 6 மி.லி. சாயநீர், மேலே மாத்திரை. மேற்பரப்பு முழுக்க நிறமேற எத்தனை விநாடி என்று குறியுங்கள். செலவு மிகக் குறைவு. ஃபார்முலா வடிவமைக்கும் குழுவுக்குப் பணம் இருந்தால், மாத்திரைமேல் செயற்கை எச்சிலைச் சொட்டவிட்டு அளக்கும் ஜப்பானிய ட்ரைகார்ப்டெஸ்டர் வகையைப் பரிசீலிக்கலாம்.