ஓராள் ஆலோசகருக்கு எல்.எல்.பி.: வைத்திருந்து பார்த்தவன் சொல்வது

வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்கப்போகும் நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "எல்.எல்.பி. போட்டா வரி மிச்சமாகும்னு வீடியோல சொல்றாங்களே, நெஜமாடா?" எல்.எல்.பி. என்றால் லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், பங்குதாரர்களின் பொறுப்பு வரம்புக்குட்பட்ட கூட்டு நிறுவனம். இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். அவன் விடவில்லை. "அப்ப நீ மட்டும் ஏன் வெச்சிருக்க?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வாட்ஸப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை, கோவை திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பவுண்டரிகளுக்கும் கரண்ட் பில்லையும் நீராவிச் செலவையும் குறைக்க வழி சொல்வது. ப்ரொப்ரைட்டராக, அதாவது என் ஒருவன் பெயரிலேயே தொழில் செய்பவனாகத்தான் ஆரம்பித்தேன். 2017ல் எல்.எல்.பி. பதிவு செய்ததற்கு வரி காரணமே இல்லை. ஒரு பெரிய ஆலைக் குழுமத்தின் பர்ச்சேஸ் பிரிவில், தனிநபர் பெயரில் வெண்டார் கோடு (அவர்களிடம் பில் போடத் தேவையான பதிவு எண்) போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்.எல்.பி.க்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள் வேண்டும். சரி, மனைவியைச் சேர்த்துக்கொண்டேன். எம்.காம். படித்தவர், கணக்கெல்லாம் அவர்தான் பார்க்கிறார்.

அப்போது வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்ற அனுமான வருமானப் பிரிவு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பொறியியல், மருத்துவம், சட்டம், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டுப் போய்விடலாம், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பிரிவில் 'இந்தியாவில் வசிக்கும் வரிதாரர்' என்றுதான் இருந்தது. எல்.எல்.பி.யை ஒதுக்கவில்லை. 2021 நிதிச் சட்டம் வந்து, தனிநபர், கூட்டுக்குடும்பம், எல்.எல்.பி. அல்லாத கூட்டு நிறுவனம் ஆகியோருக்கு மட்டும்தான் என்று சுருக்கிவிட்டது. அதோடு என் எல்.எல்.பி.யின் வரிக்கணக்கு கவிழ்ந்தது.

எவ்வளவு கவிழ்ந்தது என்று 2025-26 விகிதத்தில், புதிய வரி முறையில் பார்ப்போம். வருட வரவு 40 லட்சம், உண்மைச் செலவு 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொப்ரைட்டராக இருந்தால் 44ஏடிஏ படி வருமானம் 20 லட்சம், வரி செஸ் சேர்த்து 2,08,000 ரூபாய். கதை முடிந்தது. அதே பணம் எல்.எல்.பி.க்குள் வந்தால் லாபம் 32 லட்சம். பங்குதாரர் சம்பளமாக இவ்வளவுதான் கழிக்கலாம் என்று பிரிவு 40(பி) உச்சவரம்பு போட்டிருக்கிறது: முதல் 6 லட்சம் லாபத்துக்கு 90 சதவீதம், மீதிக்கு 60 சதவீதம். கூட்டினால் 21 லட்சம். மிச்சமுள்ள 11 லட்சத்துக்கு எல்.எல்.பி. கட்டவேண்டியது தட்டையாக 30 சதவீதம், செஸ்ஸோடு 3,43,200 ரூபாய். 21 லட்சமும் ஒருவர் கைக்கே வந்தால் அவர் தனியாக 2,34,000 கட்டவேண்டும். ஆக மொத்தம் 5,77,200. கணவன் மனைவி இருவரும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் 12 லட்சத்துக்குள் நின்றால் தனிநபர் வரி தள்ளுபடியில் போய்விடும். அப்படியும் எல்.எல்.பி. கட்டும் 3,43,200 குறையாது.

இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. கணவனுக்கு முக்கியப் பங்குள்ள நிறுவனத்தில் மனைவி வாங்கும் சம்பளம், அவருடைய சொந்தப் படிப்புக்கும் அனுபவத்துக்கும் வந்தது என்று காட்ட முடியாவிட்டால், பிரிவு 64 படி கணவன் வருமானத்தோடு சேர்ந்துவிடும். பெயருக்குப் பங்குதாரர் போட்டுச் சம்பளம் பிரிக்கலாம் என்று வீடியோவில் சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவதைக் கவனித்திருக்கிறேன்.

இன்னும் சின்ன வரவுக்காரர் என்றால் வித்தியாசம் கொடுமையாக இருக்கும். வருடத்துக்கு 24 லட்சம் வாங்கும் ப்ரொப்ரைட்டருக்கு 44ஏடிஏ வருமானம் 12 லட்சம், புதிய முறையில் வரி பூஜ்யம். வாடிக்கையாளர்கள் பணம் தரும்போதே 10 சதவீதம் வரியாகப் பிடித்திருந்தால் அந்த 2.4 லட்சமும் ரிட்டர்ன் போட்டதும் திரும்பி வந்துவிடும். அட்வான்ஸ் டாக்ஸ்கூட நாலு தவணை கிடையாது, மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும். உண்மை லாபம் பாதிக்கு மேல் என்று நீங்களே கணக்கு வைத்துத் தெரிந்திருந்தால் அதைத்தான் காட்டவேண்டும் என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள், அது வேறு விவாதம். இங்கே சொல்லும் வருமான வரிப் பிரிவு எண்கள் பழைய சட்டத்தினுடையவை, 2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு, தேடும்போது குழம்ப வேண்டாம்.

வரியை விடுங்கள், அது வருடத்துக்கு ஒருமுறை வரும் வலி. என்னை உண்மையில் படுத்துவது டிஜிட்டல் கையொப்ப டோக்கன்.

கட்டைவிரல் அளவு யூஎஸ்பி. எங்கள் வீட்டில் இரண்டு, எனக்கொன்று மனைவிக்கொன்று. ஆயுள் இரண்டு வருடம். இரண்டையும் வேறு வேறு மாதத்தில் வாங்கியதால் ஒன்று மாற்றி ஒன்று காலாவதியாகும். புதுப்பிக்க ஆதார் ஓடிபி, பான், அப்புறம் ஒரு வீடியோ. கேமராவைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, பான் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கவேண்டும். பாஸ்வேர்டைத் தப்பாகப் பலமுறை அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். லேப்டாப் அப்டேட் ஆனால் டிரைவர் காணாமல் போகும். புதிய கையொப்பம் வந்ததும் அதை மறுபடி ஒவ்வொரு தளத்திலும் இணைக்கவேண்டும், நாம் பழைய ஆள்தான் என்று எந்தத் தளமும் அடையாளம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாது.

இவ்வளவும் எதற்கு? மே 30க்குள் கம்பெனிப் பதிவாளரிடம் 'பாரம் 11' என்ற படிவம். அதில் என்ன சொல்கிறோம்? எங்கள் நிறுவனத்தில் அதே இரண்டு பேர், அதே முதலீடு, எதுவும் மாறவில்லை என்று. ஒன்றும் மாறவில்லை என்பதைச் சொல்ல இத்தனை சடங்கு. அக்டோபர் 30க்குள் பாரம் 8, கணக்கும் கடன் தீர்க்கும் திறனும். இதில் இருவர் கையொப்பமும் வேண்டும். நான் ஏதாவது ஆலையின் பாய்லர் வீட்டில் நிற்கும் நாளில்தான் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும், "சார், மேடத்தோட டோக்கன் எடுக்க மாட்டேங்குது." இவை போக, 2025 வரை பங்குதாரர் அடையாள எண்ணுக்கு செப்டம்பர் 30க்குள் வருடாந்திர கேஒய்சியும் இருந்தது, தவறினால் 5,000 ரூபாய். "உங்க கம்பெனில எனக்கு என்னங்க வேலை, ஓடிபி சொல்றதா?" என்று மனைவி கேட்டார். கணக்கெழுதுவது கண்ணுக்குத் தெரியாத வேலை, ஓடிபிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

நியாயமாகச் சொன்னால் முன்பைவிட இப்போது பரவாயில்லை. 2022 ஏப்ரலுக்கு முன் பாரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம், உச்சவரம்பே கிடையாது. வியாபாரமே நடக்காத எல்.எல்.பி.க்கள் லட்சக்கணக்கில் கட்டணம் சேர்த்துவைத்திருந்த காலம் அது. பிறகு, முதலீடு 25 லட்சத்துக்கும் விற்றுவரவு 40 லட்சத்துக்கும் மிகாதவற்றைச் சிறு எல்.எல்.பி. என்று பிரித்துக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அதே வரம்புக்குள் இருந்தால் எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கையும் கட்டாயமில்லை.

ஆனால் ஒன்று குறைந்தால் இன்னொன்று முளைக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வருமான வரியில் 194டி (194T) என்று ஒரு பிரிவு. எல்.எல்.பி. தன் பங்குதாரருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளமோ வட்டியோ கொடுத்தால் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கவேண்டும். அதாவது நான் என்னிடமிருந்தே வரி பிடித்து, அடுத்த மாதம் 7ந் தேதிக்குள் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை 'இவரிடம் பிடித்தேன்' என்று ரிட்டர்ன் போட்டு, பிறகு என் சொந்த ரிட்டர்னில் 'என்னிடம் பிடித்தார்கள்' என்று கழித்துக்கொள்கிறேன். வலது கை கொடுப்பதை இடது கை வாங்கி ரசீது எழுதிக்கொடுப்பது போல. ஆடிட்டர் கட்டணம், ப்ரொப்ரைட்டராக இருந்தபோது கொடுத்ததைப்போல மூன்று மடங்குக்கு வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வேலை அவ்வளவு இருக்கிறது.

'லிமிடெட் லயபிலிட்டி' பாதுகாப்பு இருக்கிறதே என்பார்கள். ஓராள் ஆலோசகருக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்று எல்.எல்.பி. சட்டத்தின் 28ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். இன்னொரு பங்குதாரர் செய்த தவறுக்கு உங்கள் சொத்து பொறுப்பாகாது. நீங்களே செய்த தவறுக்கு உங்கள் சொந்தப் பொறுப்பு அப்படியே இருக்கும். பாய்லரைப் பற்றித் தப்பான யோசனை சொல்லி விபத்து நடந்தால், சொன்னவன் நான்தானே? இன்னொரு பங்குதாரர் வீட்டில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறார். இந்த பயத்துக்குத் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு எடுப்பதுதான் மருந்து, அதை ப்ரொப்ரைட்டரும் எடுக்கலாம்.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம், வீட்டுப் பணமும் தொழில் பணமும் முழுதாகப் பிரிந்தது. ப்ரொப்ரைட்டராக இருந்தபோதும் கரண்ட் அக்கவுண்ட் தனியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பணம் 'என்' பணம் என்ற எண்ணம் போகவில்லை. இப்போது அது எல்.எல்.பி.யின் பணம், எடுப்பதற்குச் சம்பளம், லாபப் பங்கு என்று பெயர் சொல்லவேண்டும். மனைவி அந்தப் பெயரைக் கேட்காமல் விடுவதில்லை. வரி கட்டிய பின் எடுக்கும் லாபப் பங்குக்கு எங்கள் கையில் மறுபடி வரி கிடையாது, அது ஒரு நிம்மதி. நான் ஊரில் இல்லாதபோது அவர் செக்கில் கையெழுத்துப் போடுகிறார். அப்புறம் அந்த வெண்டார் கோடு. முதல் குழுமத்தைப் பார்த்து அடுத்தடுத்து மூன்று இடங்களில் வேலை கிடைத்தது, எங்கேயும் 'நீங்கள் தனி ஆளா?' என்று கேட்கவில்லை. வரியில் போனதில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓபிசி, அதாவது ஒருநபர் கம்பெனி பற்றியும் நண்பன் கேட்டான். இரண்டாவது பங்குதாரர் தேவையில்லை, நாமினி மட்டும் போதும். வரி விகிதம் 115பிஏஏ படி 25.168 சதவீதம், கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு ரூபாய் வியாபாரம் செய்யாவிட்டாலும் தணிக்கை கட்டாயம், மீதி லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் கையில் இன்னொரு வரி, வருடாந்திரப் பாரங்களைத் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். தனி ஆலோசகர் அந்தப் பக்கம் போகவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அவனுக்குச் சொன்னது: ப்ரொப்ரைட்டராக ஆரம்பி. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், போட்டுக்கொள். வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 44ஏடிஏ வரம்பு 75 லட்சம் வரை, அதைத் தொடும்வரை எல்.எல்.பி. பற்றி யோசிக்காதே. செலவே வரவில் பாதிக்கு மேல் போகிற தொழில் என்றாலோ, உண்மையாகவே கூட வேலை செய்யும் பங்குதாரர் கிடைத்தாலோ அப்போது பேசலாம். மாறினால் பான் புதிது, ஜிஎஸ்டி எண் புதிது, எல்லா வாடிக்கையாளரிடமும் பதிவு புதிது என்பதையும் கணக்கில் வை.

ப்ரொப்ரைட்டருக்கு ஐந்துக்கு நாலரை. எல்.எல்.பி.க்கு இரண்டு, பாரம் 8 போட்டு முடித்த மறுநாள் கேட்டால் மூன்று.

நான் மூடப்போவதில்லை. மூடவேண்டுமென்றால் பாரம் 24 போடுவதற்குமுன் ஒரு வருடமாவது வியாபாரம் நடந்திருக்கக் கூடாது, பாக்கிப் பாரங்கள் எல்லாம் போட்டிருக்கவேண்டும், கடனோ சொத்தோ மிஞ்சியிருக்கக் கூடாது, இருவரும் உறுதிமொழிப் பத்திரம் எழுதவேண்டும். அது மட்டும் காரணம் இல்லை. இன்வாய்ஸின் தலைப்பில் அந்தப் பெயரைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு நான் கொடுக்கும் விலை அதிகம்தான். மனைவியின் டோக்கன் வருகிற ஆகஸ்டில் காலாவதியாகிறது, இந்தமுறை இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்.