பேட்டரிக்கு அரசு மானியம் என்ற பேச்சை நம்பி 1,41,600 ரூபாயை விட்டேன்

நேற்று மாலைதான் அந்தக் கடையின் கடைசிப் பதிலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு சோலார் பேட்டரிக்கும் மின்வண்டிக்கு சார்ஜ் ஏற்றும் பெட்டிக்கும் அரசு 60 விழுக்காடு மானியம் தருகிறது என்று சொல்லி, 2,36,000 ரூபாயை முழுதாக வாங்கிக்கொண்டு, அதில் 1,41,600 ரூபாய் தொண்ணூறு நாளில் என் வங்கிக் கணக்குக்கே திரும்பி வந்துவிடும் என்று உறுதி கூறிய கடை அது. புகார் கொடுக்கவிருப்பதால் பெயரை எழுதவில்லை. முன்பு இன்வெர்ட்டரும் டிராக்டர் பேட்டரியும் விற்றுக்கொண்டிருந்து, இப்போது பெயர்ப்பலகையில் ஒரு சூரியனையும் சேர்த்து வரைந்துகொண்ட கடை என்றால் டெல்டாக்காரர்களுக்குப் புரியும். வாங்குமுன் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் தெருவில் நின்ற மின்கம்பங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருபத்தாறு நாள் இருட்டில் இருந்தோம். அம்மாவுக்கு ஆஸ்துமா. மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியை ஓட்ட, ஜெனரேட்டர் வைத்திருந்த அரிசி ஆலைக்கு அவரை ஒவ்வொரு நாளும் கைத்தாங்கலாக அழைத்துப் போன நினைவு எனக்கு இன்னும் போகவில்லை.

சென்ற ஆண்டு பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் கூரைமேல் 3 கிலோவாட் பேனல் போட்டோம். அதை அமைத்தவர் வேறொரு நிறுவனத்தார், நேர்மையானவர். முதல் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றாவதற்கு 18,000 என மொத்தம் 78,000 ரூபாய் மானியம் யார் கைக்கும் போகாமல் நேராக என் கணக்கில் விழுந்தது. குறை ஒன்றே ஒன்றுதான். ஊரில் மின்சாரம் நின்றால் கூரையில் வெயில் கொளுத்தினாலும் அந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். நம் வீட்டு மின்சாரம் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானது; ஆனால் புயல் நாளில் அந்தப் பேனல் எனக்கு உதவாது. பேட்டரி வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

மாசி மாதம், சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வந்திருந்த வாரம், அந்தக் கடைக்காரர் தாமாகவே வீட்டுக்கு வந்தார். பணம் வந்த செய்தி அவருக்கு எப்படி எட்டியது என்று அன்று நான் யோசிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கஜாவில் தம் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்ததைக் கண் கலங்கச் சொன்னார். பிறகு அசோகச் சின்னம் அச்சிட்ட ஒரு தாளை விரித்தார். அதில் சூர்ய கர் என்ற பெயர் இருந்தது, பேட்டரிக்கு 60 விழுக்காடு என்று இருந்தது, என் மனைவி பள்ளிக்குப் போகும் மின் ஸ்கூட்டருக்குச் சுவரில் பொருத்தும் சார்ஜ் பெட்டிக்கும் அதே 60 விழுக்காடு என்று இருந்தது. "பேனலுக்கு 78,000 வந்துச்சா இல்லையாண்ணே? அதே திட்டந்தான், இது ரெண்டாங்கட்டம்" என்றார். முன்பு வந்த உண்மையான பணமே இந்தப் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது.

நான் பணத்தை எடுக்க எழுந்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். ராகு காலம் முடியட்டும், அதற்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, முழுதாக அரை மணி நேரம் காத்திருந்தார். காசுக்குப் பறக்காத மனிதர் என்று நான் முடிவு கட்டியது அந்த அரை மணி நேரத்தில்தான். போகும்போது அந்தத் தாளை, கோப்பில் சேர்க்க வேண்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டார். அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து மனைவி சொன்னது என் காதில் விழுந்தது. அவர் முன்னால் படம் எடுப்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். இன்று என் கையில் அந்தத் தாளும் இல்லை, படமும் இல்லை. மீதித் தொகைக்குக் கூட்டுறவு வங்கியில் மனைவியின் ஆரத்தை அடகு வைத்தேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்குள் 1,41,600 ரூபாய் வந்துவிடும், குறுவைச் செலவுக்கு ஆகும் என்று அவளுக்கு நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

தொண்ணூறு நாள் முடிந்ததும் கேட்டேன். இணையதளம் வேலை செய்யவில்லை என்றார். பத்து நாள் கழித்து, ஆதார் வங்கிக் கணக்கோடு இணையவில்லை என்றார். 78,000 ரூபாய் வந்த அதே கணக்குதானே என்று கேட்டதற்கு, கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது என்று பேச்சை மாற்றினார். அதற்குப் பிறகு கைப்பேசியை எடுக்கவில்லை. நேரில் போனால், முதலாளி திருமணத்துக்காகத் திருப்பூர் போயிருக்கிறார் என்று கல்லாவில் இருந்த பெண் சொன்னாள். அவருடைய வண்டி வாசலில் நின்றது. நேற்றுப் போனபோது மட்டும் அவரே இருந்தார். என் பில்லை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில மானியம்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்றார். எழுதப்படவில்லைதான். அப்போது கடையில் இரண்டு பேர் பேட்டரி விலை கேட்டு நின்றிருந்தார்கள். அவர்களிடம் நான் வாய் திறப்பதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு பொறியாளரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்திருக்கும். சூர்ய கர் மானியம் மின்வாரியக் கம்பியோடு இணைந்த கூரைப் பேனலுக்கு மட்டுமே உரியது, அதன் உச்சவரம்பே 78,000 ரூபாய்தான், பேட்டரிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. மின்வண்டிக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் என்பது வேறு திட்டம். அதில் ஸ்கூட்டருக்கு உரிய மானியம் வாங்கும்போதே விலையில் கழிக்கப்பட்டது. சார்ஜ் வசதிக்கென்று ஒதுக்கிய 2,000 கோடி ரூபாய் பொது நிலையங்களுக்கானது, வீட்டுச் சுவருக்கானதன்று. தவிரவும் அந்த ஸ்கூட்டர் சாதாரணப் பிளக்கிலேயே சார்ஜ் ஆகும். ஓராண்டாக ஆகிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெட்டி எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வந்த பேட்டரியும் சொன்ன பேட்டரி இல்லை. 5 யூனிட் தாங்கும் லித்தியம் என்றார்கள்; இரவு பத்து மணிக்கு மின்சாரம் போனால் ஒன்றரை மணிக்கெல்லாம் அணைந்துவிடுகிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கை மகன் ஸ்டிக்கரைப் பார்த்து, 51.2 வோல்ட், 50 ஆம்பியர் மணி, இரண்டையும் பெருக்கினால் 2,560 வாட் மணி, ஆக இரண்டரை யூனிட்தான் மாமா என்றான். 5 யூனிட் வேண்டுமென்றால் 100 ஆம்பியர் மணி இருந்திருக்க வேண்டும். போதாததற்கு, பேனலோடு வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய இன்வெர்ட்டரை விற்றுப் பணம் தருகிறேன் என்று கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். திட்டப்படி ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பான முதல் நிறுவனத்தார், நாங்கள் வைத்த கருவி அங்கே இல்லையே, எதைப் பராமரிப்பது என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். திருவாரூர்ப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மானியம் உண்டு என்றால் அதைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். காட்டும் தாளை அங்கேயே படம் எடுங்கள், மரியாதை பார்க்காதீர்கள். திட்டத்தின் தேசிய இணையதளத்தில் நீங்களே பாருங்கள், மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். பேட்டரி ஸ்டிக்கரில் வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பில், அடகுச் சீட்டு, ஸ்டிக்கரின் படம் எல்லாம் பையில் இருக்கின்றன. புகார் மனுவில் 1,41,600 என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிவிட்டேன். பழைய இன்வெர்ட்டரின் விலைக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதை எவ்வளவுக்கு விற்றார்கள் என்பதை அந்தக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.